கோடைக்கு முன்னே ஒரு மலைப் பயணம்: பலமனேர் வழியாக

சுற்றுலா என்றவுடன் நம்மில் பெரும்பாலோர் நாட்காட்டியில் முதலில் தேடுவது மே மாதத்தைத்தான். பள்ளி விடுமுறை, வெயிலின் கடுமை, குடும்பம் ஒன்றுகூடும் வாய்ப்பு ஆகிய மூன்றும் அம்மாதத்தில் சேர்ந்து வருவதே இதற்குக் காரணம். ஆனால் எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே மலையை நாடும்போது அறை வாடகை உயர்கிறது, சாலை நெரிகிறது, காணச் சென்ற மலையைவிட முன்னால் நிற்கும் வாகனத்தையே அதிக நேரம் காண நேர்கிறது. நம் முன்னோர் பின்பனிக் காலம் என்று வகுத்த மாசியும் பங்குனியும் இதற்கு நல்ல மாற்று. குளிர் முற்றிலும் விலகியிருக்காது. கோடையும் முழுமையாக வந்திருக்காது.

வங்கி அலுவலர்களுக்கு மார்ச் மாத ஆண்டுக் கணக்கு முடிப்பு தொடங்கிவிட்டால் வேறு எதற்கும் நேரமிராது. ஆகவே நாங்கள் நால்வர் மாசி மாதத்தில் வந்த இரண்டாம் சனிக்கிழமையையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையையும் பயன்படுத்திக்கொண்டு, வேலூரிலிருந்து சித்தூர், பலமனேர், புங்கனூர், மதனப்பள்ளி வழியாக ஹார்ஸ்லி மலை வரை சென்று வந்தோம். இதே வழியில் செல்ல விரும்பும் வாடிக்கையாளர்களுக்குப் பயன்படும் செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மேட்டு நிலத்தின் குளிர்ச்சி

சித்தூரிலிருந்து பலமனேர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இடையில் உள்ள மொகிலி மலைப்பாதையில் ஏறி முடித்தால் மைசூர்ப் பீடபூமியின் கிழக்கு விளிம்பை அடைகிறோம். சித்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்திலும், பலமனேர் சுமார் 680 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அதன்படி இங்கே கிடைப்பது இரண்டு டிகிரிதான். எனினும் மேகமற்ற மாசி இரவில், வறண்ட காற்றில், நிலம் தன் வெப்பத்தை விரைவில் இழந்துவிடுவதால் விடியற்காலையில் போர்வை தேவைப்படுகிறது.

பலமனேரை 'ஏழைகளின் ஊட்டி' என்று அழைப்பார்கள். உதகையின் உயரம் 2,240 மீட்டர். பலமனேரின் உயரமும் ஏறத்தாழ 2,240தான், ஆனால் அடிக்கணக்கில்! நீலகிரிக்குச் செல்லும் பாதை எளிதாவதற்கு முன்னர், சமவெளியில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள் வெப்பத்திற்கு அஞ்சி நாடி வந்த இடங்களுள் இதுவும் ஒன்று. உதகை வளர வளர, பலமனேர் சுற்றுலாப் பட்டியலிலிருந்து மெல்ல விலகியது. இன்று இவ்வழியே செல்வோரில் பலர் பெங்களூருக்கோ சென்னைக்கோ விரைபவர்கள்.

உகாதிக்கு முந்திய நிலம்

இப்பருவத்தில் இந்நிலம் ஓய்ந்திருப்பதில்லை. சித்தூர்ப் பகுதிக்குப் பெயர் வாங்கித் தந்த மாந்தோப்புகளில் பூவும் பிஞ்சும் ஒருங்கே காணப்படுகின்றன. நாம் கிளிமூக்கு மாம்பழம் என்று கூறும் தோத்தாபுரி வகையே இங்கு மிகுதி. அதில் பெரும்பங்கு பழக்கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. பூத்தவற்றுள் மிகச் சிறிய பகுதியே கனியாகும் என்பதால், இந்த வாரங்களின் காற்றும் மழையும் உழவரின் ஓராண்டு வருவாயைத் தீர்மானிக்கின்றன. சாலையோரப் புளியமரங்களில் புளி உலுக்கும் பணி நடைபெறுகிறது. வேம்பு துளிர்த்துப் பூக்கத் தொடங்குகிறது. புதுப்புளி, மாங்காய், வேப்பம்பூ என்று உகாதிப் பச்சடிக்குரிய பொருள்கள் ஒவ்வொன்றாக இச்சாலையோரத்திலேயே உருவாகின்றன. மே மாதத்தில் வருபவர் இக்காட்சியைக் காண இயலாது.

பலமனேர் வட்டாரம் சுடுமண் கலைக்கும் பெயர் பெற்றது. ஈரமற்ற இம்மாதங்களே வனைந்த பாண்டத்தை உலர்த்திச் சூளையில் அடுக்க ஏற்றவை. நாங்கள் ஒரு பட்டறையில் இறங்கி விளக்குகளும் குதிரைப் பொம்மைகளும் வாங்கினோம். கோடையில் வண்டிகள் நிறையச் செல்லும், ஆனால் அவசரத்தில் எவரும் நிற்பதில்லை. இப்போது வருபவர்கள்தாம் நின்று பார்த்து வாங்குகிறார்கள் என்று அப்பட்டறையின் அம்மையார் கூறினார். பருவத்திற்கு முந்திய பயணத்தின் பயன் நம் சிக்கனம் மட்டுமன்று என்பதை அச்சொல் உணர்த்தியது. குயவர் உள்ளிட்ட 18 கைத்தொழில்களுக்காக 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தைப் பற்றி அவரிடம் விளக்கினோம். பிணையின்றி முதல் தவணையாக 1 லட்சம் ரூபாயும், அதனை முறையாகச் செலுத்திய பின் 2 லட்சம் ரூபாய் வரையும் 5 சதவீத வட்டியில் கடன் பெற அத்திட்டம் வழிசெய்கிறது. நம் வாசகர்களும் தமக்குத் தெரிந்த கைவினைஞர்களுக்கு இதனை எடுத்துரைக்கலாம்.

நீரும் யானையும்

பலமனேரிலிருந்து குப்பம் செல்லும் சாலையில், காட்டின் நடுவே கைகல் அருவி உள்ளது. சுமார் 40 அடி உயரத்திலிருந்து விழும் இவ்வருவி, மழைக்காலத்தைப் போல இப்போது ஆர்ப்பரிப்பதில்லை. பாறையைத் தழுவி அமைதியாக இறங்குகிறது. இக்காட்டில் ஓடும் கௌண்டின்ய ஆறும் கைகல் ஆறும் பாலாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. குடியாத்தம் அருகிலுள்ள மோர்தானா அணையில் தேங்குவது கௌண்டின்ய ஆற்று நீரே. ஆகவே இங்கே பாறையிடுக்கில் நாம் வீசும் பிளாஸ்டிக் உறை, ஒருநாள் நம் ஊர்ப் பக்கமே வந்து சேரக்கூடும்.

இக்காட்டில் நெடுங்காலம் யானைகள் இல்லை. 1980களில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியிலிருந்து அவை இடம்பெயர்ந்து வந்தன. அவற்றின் பாதுகாப்பிற்காக 1990ஆம் ஆண்டு ஏறத்தாழ 357 சதுர கிலோமீட்டர் பரப்பு கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கோடை நெருங்கிக் காட்டுக் குட்டைகள் வற்றும்போது யானைகள் ஏரிகளையும் வயல்களையும் நாடுகின்றன. பயிரும் உயிரும் இழப்புக்கு உள்ளாகின்றன. யானைகளும் மின்வேலிகளில் சிக்கி மடிகின்றன. விளைநிலங்களில் புகும் யானைகளைக் காட்டுக்குத் திருப்ப, 2025 மே மாதத்தில் கர்நாடக அரசு பயிற்சி பெற்ற கும்கி யானைகளை ஆந்திரப் பிரதேசத்திற்கு வழங்கியது. அவற்றுக்கான முகாம் பலமனேரை அடுத்த முசலிமடுகில் அமைந்துள்ளது.

எனவே காட்டுச் சாலைகளை மாலை 5 மணிக்குள் கடந்துவிடுவது நல்லது. யானை தென்பட்டால் ஒலி எழுப்புவதும், இறங்கிப் படம் எடுப்பதும் கூடாது. நாம் ஒரு மாலைப்பொழுதில் கடந்துவிடும் அந்த அச்சத்தோடு இங்குள்ள உழவர்கள் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். இலையுதிர்ந்த காடு எளிதில் தீப்பற்றும். ஆதலால் சமைக்கத் தீ மூட்டுவதையும், புகைத்த துண்டை எறிவதையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

மதனப்பள்ளியும் ஹார்ஸ்லி மலையும்

மறுநாள் புங்கனூர் வழியாக மதனப்பள்ளி சென்றோம். குள்ளமான புங்கனூர்ப் பசுக்கள் இம்மண்ணுக்குரியவை. பலமனேரிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் அவ்வினத்தைப் பேணி வருகிறது. மதனப்பள்ளி தத்துவஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த ஊர். 1919 பிப்ரவரி இறுதியில் இங்குள்ள தியோசாபிகல் கல்லூரியில் தங்கியிருந்த தாகூர், 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதினார். நாங்கள் சென்ற இதே பருவத்தில்தான் அவரும் இம்மேட்டு நிலத்தின் காற்றை நுகர்ந்திருக்கிறார்.

அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், 1,260 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஹார்ஸ்லி மலை நிற்கிறது. கடப்பை மாவட்ட ஆட்சியராக இருந்த டபிள்யூ. டி. ஹார்ஸ்லி 1870 வாக்கில் இங்கே இல்லம் அமைத்ததால் இப்பெயர் வந்தது. மக்கள் வழங்கும் பழைய பெயர் ஏனுகு மல்லம்ம கொண்ட. யானைகளால் பேணப்பட்ட மல்லம்மா என்னும் சிறுமியின் கதை அதில் அடங்கியுள்ளது. கோடை விடுமுறையில் நிரம்பி வழியும் மலைமுகட்டில் அன்று எங்களைத் தவிர ஓரிரு குடும்பங்களே இருந்தன.

புறப்படுமுன்

மொகிலிப் பாதையில் ஏறுவதைவிட இறங்குவதிலேயே கவனம் மிகுதியாக வேண்டும். 2024 செப்டம்பரில் இங்கே பேருந்தும் லாரியும் மோதிய விபத்தில் பலர் உயிரிழந்தனர். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது பழைய ஓட்டுநர்களின் விதி.

பாஸ்டேக் கணக்கில் போதிய தொகை உள்ளதா என்று வீட்டிலேயே பாருங்கள். காட்டுப் பகுதியில் கைபேசித் தொடர்பு துண்டிக்கப்படலாம். அங்கே யுபிஐ உதவாது. ஆகவே பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இளநீர் விற்பவருக்கும் குயவருக்கும் சில்லறையாகத் தரும் பணம் முழுவதும் அவர்கள் கைக்கே சேர்கிறது.

அடுத்த ஆண்டுப் பயணத்திற்கு இப்போதே ஒரு சிறு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினால், மாசி பிறக்கும்போது தொகை கைவசம் இருக்கும். பிள்ளைகளின் தேர்வு அட்டவணையைப் பார்த்து ஒரு வார இறுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் வரும் முன்னர் செல்பவருக்கு மலை தன் இயல்பான முகத்தைக் காட்டுகிறது. அந்த இயல்பு கெடாமல் திரும்புவது நம் பொறுப்பு.