பொஸ்ரன் நகரத்து இலத்தீன் பள்ளி

அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்னும் பெயர் உலகில் தோன்றாதிருந்த காலம் அது. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து சென்ற ஆங்கிலேயர், மசச்சூசெற்ஸ் கரையிலே பொஸ்ரன் என்னும் ஊரை அமைத்து ஐந்து ஆண்டுகளே கழிந்திருந்தன. காடு வெட்டுவதும் வீடு கட்டுவதுமே பெரும்பாடாயிருந்த அந்நாளில், 1635ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில், ஊரவர் ஒன்றுகூடித் தம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டுமெனத் தீர்மானித்தனர். பிலமன் போர்மோர்ட் என்பவர் அப்பணிக்கு அழைக்கப்பட்டார். அன்று தொடங்கிய பள்ளி முந்நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளைக் கண்டபின்னும் நடந்து வருகின்றது. அதுவே பொஸ்ரன் இலத்தீன் பள்ளி. ஹார்வார்ட் சர்வகலாசாலை அதற்கு அடுத்த ஆண்டிலேதான் உதித்தது. தங்கள் மாணாக்கர் மேற்படிப்புக்குச் செல்ல ஓரிடம் வேண்டுமென்றே ஹார்வார்டைத் தொடங்கினார்கள் என்று இப்பள்ளியார் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

பொஸ்ரன் என்னும் பெயர் யாழ்ப்பாணத்தவருக்கு முற்றிலும் புதியதன்று. 1816இல் இங்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பள்ளிகளைத் தொடங்கிய அமெரிக்க மிசனரிமாரை அனுப்பிவைத்த சங்கத்தின் பணிமனை அந்நகரிலேயே இருந்தது. மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கித்தந்த கிறீன் வைத்தியரும் அம்மாகாணத்திற் பிறந்தவரே. ஆகவே, அவர்கள் நாட்டின் மூத்த பள்ளியின் கதையை அறிவது நமக்கு அயலார் கதை கேட்பது போலாகாது.

இங்கிலாந்திலே 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பெருந்தொகை கட்டிப் படிக்கும் பள்ளி என்று பொருள். பொஸ்ரன் பள்ளியோ சொல்லின் நேர்ப்பொருளிலேயே பொதுப்பள்ளி. தொடக்கத்திற் செல்வர்கள் கையொப்பமிட்டுப் பணம் திரட்டிக் கொடுத்தனர். 1641இல் துறைமுகத்திலுள்ள மான் தீவின் வருவாய் பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது. கோயிலுக்கு வயல் எழுதிவைப்பது நம்மவர் வழக்கம். அவ்வூரார் பள்ளிக்கு ஒரு தீவையே விட்டுக்கொடுத்தனர். செலவை ஊர் பொறுக்க வேண்டும் என்ற அந்தக் கொள்கை அங்கே அன்றே வேரூன்றிவிட்டது.

கற்பித்தது என்ன? இலத்தீன், மேலும் இலத்தீன், அதன்பின் சிறிது கிரேக்கம். ஏழெட்டு வயதிற் புகும் சிறுவன் ஏழு ஆண்டுகள் அங்கே பயில்வான். முதல் ஆண்டுகளிற் பொருள் விளங்கினும் விளங்காவிடினும் வேற்றுமை விகுதிகளையும் வினைவிகற்பங்களையும் நெட்டுருப் பண்ணவேண்டும். நன்னூற் சூத்திரத்தையும் நிகண்டையும் திண்ணைப் பள்ளியில் உருப்போட்ட நம் பாட்டன்மாருக்கு இம்முறை விளங்கியிருக்கும். பின்னர் ஓவிட், சிசரோ, வேர்ஜில் ஆகியோரின் நூல்கள். கோடையிற் காலை ஏழு மணிக்கும் மாரியில் எட்டு மணிக்கும் பள்ளி தொடங்கும். பதினொரு மணிக்குக் கலைந்து, ஒரு மணிக்கு மீண்டும் கூடி, ஐந்து மணிவரை நடக்கும்.

இம்முறைக்கு உருவமாக விளங்கியவர் எசக்கியேல் சீவர். இலண்டனிற் பிறந்து இளமையில் அமெரிக்காவுக்கு வந்த அவர், வேறு ஊர்களில் நெடுங்காலம் கற்பித்தபின், தமது ஐம்பத்தைந்தாவது வயதைக் கடந்தே பொஸ்ரனுக்கு அழைக்கப்பட்டார். நம் நாட்டில் ஆசிரியர் ஓய்வை எண்ணத் தொடங்கும் வயது அது. அவரோ அதற்குமேல் முப்பத்தேழு ஆண்டுகள் கற்பித்து, தொண்ணூறு கடந்த நிலையில், 1708இல், பதவியில் இருக்கும்போதே காலமானார். அவர் பெயரால் வழங்கிய சிறிய இலத்தீன் இலக்கண நூல் அந்நாட்டுப் பள்ளிகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழங்கிற்று.

பள்ளியின் பெயரை உலகறியச் செய்த மாணவரோ அங்கு ஓராண்டுகூட முழுமையாகப் பயிலவில்லை. மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்ற ஒருவர், தம் கடைசி மகனைத் தேவாலயப் பணிக்கு ஒப்புக்கொடுக்க எண்ணி, எட்டாவது வயதில் இலத்தீன் பள்ளியிற் சேர்த்தார். பையன் வகுப்பின் நடுவிலிருந்து தலைமாணாக்கன் நிலைக்கு விரைவில் உயர்ந்தான். ஆனால், பதினேழு பிள்ளைகளைப் பெற்ற அத்தகப்பனார், பின்னாளிற் கல்லூரிக்குக் கட்டவேண்டிய பணத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, மகனை மறித்து எடுத்துவிட்டார். எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் வேறொரு பள்ளிக்கு அனுப்பப்பட்ட பையன், அங்கே கணக்கிற் சித்தியடையவில்லை. பத்து வயதில் அவன் படிப்பு முடிந்தது. மெழுகுதிரிக்குத் திரி வெட்ட உட்கார்ந்தான். மின்னலின் இயல்பை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்கிளின் அவனே. இலவசமாக நடந்த பள்ளியிலும் ஏழை வீட்டுப் பிள்ளை நிலைத்திருக்க முடியாமற்போனதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுமோ?

1776இற் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்ட ஐம்பத்தாறு பேருள் ஐவர் இப்பள்ளியிற் காலடி வைத்தவர்கள். பிராங்கிளினோடு ஜோன் ஹான்கொக், சாமுவேல் அடம்ஸ், ரொபேட் றீற் பெயின், வில்லியம் ஹூப்பர் ஆகியோரே அவர்கள். ஆயினும், அக்காலத்துப் பள்ளியின் உண்மையான நாடகம் ஆசிரியர் மேசைகளுக்கிடையே நடந்தது. தலைமையாசிரியர் ஜோன் லொவெல் மன்னரின் பக்கம். உதவியாசிரியராயிருந்த அவர் மகன் ஜேம்ஸ் லொவெல் விடுதலை வேண்டியோர் பக்கம். ஒரே கூடத்தின் இரு கோடிகளில் அமர்ந்து தந்தையும் மகனும் கற்பித்தனர். 1775 ஏப்ரில் 19ஆந் திகதி லெக்சிங்ரனிற் போர் மூண்ட காலையில், புத்தகங்களைக் கீழே வைக்குமாறு தலைமையாசிரியர் இலத்தீனிற் பணித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினாரென்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. பிரித்தானியப் படை 1776 மார்ச்சிற் பொஸ்ரனைவிட்டு நீங்கியபோது, தந்தை அவர்களோடு அகதியாக ஹலிபாக்ஸ் சென்றார். மகனும் ஹலிபாக்சுக்கே கொண்டுசெல்லப்பட்டார், கைதியாக. பின்னர் விடுவிக்கப்பட்ட மகன் புதிய நாட்டின் கொங்கிரசில் உறுப்பினரானார். தந்தை ஊர் திரும்பாமலே அங்கு மாண்டார். போர் ஒரு வீட்டை எப்படிப் பிளக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பொஸ்ரன் வணிகர்கள் வேறொரு குறை சொன்னார்கள். சர்வகலாசாலைக்குப் போகாத பிள்ளைக்கு வேர்ஜில் எதற்கு? அவர்கள் வேண்டுகோளால், 1821இல், இலத்தீன் இன்றி ஆங்கிலமும் கணிதமும் விஞ்ஞானமும் பயிற்றும் தனிப் பள்ளி ஒன்று தொடங்கிற்று. அமெரிக்காவின் முதலாவது பொது உயர்நிலைப் பள்ளி என்று பெயர் பெற்றது அதுவே. இலத்தீன் பள்ளியோ தன் வழியை விடவில்லை. கணிதத்தையும் பிறவற்றையும் சேர்த்துக்கொண்டது. இலத்தீனைக் கைவிட மறுத்தது. எமர்சன் என்னும் சிந்தனையாளரும், ஹார்வார்டின் தலைவராய் நாற்பது ஆண்டு விளங்கிய சார்ள்ஸ் எலியற்றும், தத்துவஞானி சந்தயானாவும், இசைமேதை லெனாட் பேண்ஸ்ரைனும் அவ்வழியே வந்தவர்கள். சந்தயானா ஸ்பானிய நாட்டிற் பிறந்து, எட்டு வயதிற் பொஸ்ரனுக்கு வந்து, ஆங்கிலத்தை அங்கேயே கற்றவர் என்பது மாணவர் கவனிக்கத் தக்கது.

இத்தனை பேருள் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. 1877இற் பெண்மணிகள் சிலர் மனுக்கொடுத்துத் தம் புத்திரிகளையும் சேர்க்குமாறு கேட்டனர். பையன்களின் பள்ளி திறக்கப்படவில்லை. அதற்குப் பதிலாகப் பெண்கள் இலத்தீன் பள்ளி தனியே அமைக்கப்பட்டு 1878இற் கற்பிக்கத் தொடங்கிற்று. பழைய பள்ளியின் கதவு பெண்களுக்குத் திறந்தது 1972இலேயாகும். சரித்திரத்தில் இரண்டரை நூற்றாண்டு முந்திக்கொண்ட ஒரு நகரம், இவ்விடயத்தில் இவ்வளவு பிந்தியது விந்தையே.

இக்காலத்தில் ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் அங்கு பயிலுகின்றனர். 1922 முதல் லூயி பாஸ்ரர் வீதியிலுள்ள கட்டடத்திற் பள்ளி நடைபெறுகின்றது. விஞ்ஞானம், கணிதம், வரலாறு, நவீன மொழிகள், சர்வகலாசாலைத் தரத்துப் பாடங்கள் எல்லாம் உள. ஆயினும், எந்தத் துறையை நாடும் மாணவனும் சில ஆண்டுகள் இலத்தீன் கற்றேயாக வேண்டும். இன்னொரு பழைய வழக்கும் நிலைத்திருக்கின்றது. ஒவ்வொரு மாணவனும் ஒரு சொற்பொழிவையோ செய்யுளையோ மனனஞ் செய்து வகுப்பின்முன் நின்று ஒப்பிக்கவேண்டும். சிறந்தோர் மண்டபத்திற் பள்ளி முழுவதும் கேட்கப் பேசுவர். நாக்குழறும் பையன் சபைக்கு அஞ்சாதவனாவதற்கு இதனினும் நல்ல உபாயத்தை நான் அறியேன். நம் பள்ளிகளில் நாவன்மைப் போட்டி கெட்டிக்காரப் பிள்ளைகள் நால்வருக்கே உரியதாய்விட்டது.

இனி, கதையின் முள்ளான பகுதிக்கு வருவோம். இப்பள்ளியில் யார் சேரலாம்? பரீட்சைப் புள்ளியும் முன்னைய வகுப்புப் புள்ளியுமே நீண்டகாலம் அதனைத் தீர்மானித்தன. பொஸ்ரன் பள்ளிகளிற் கறுப்பினப் பிள்ளைகள் வேண்டுமென்றே பிரித்துவைக்கப்பட்டனரென 1974இல் நீதிபதி கரிற்றி தீர்ப்பளித்தார். அதனைத் தொடர்ந்து இலத்தீன் பள்ளியில் நூற்றுக்கு முப்பத்தைந்து இடங்கள் கறுப்பின, ஸ்பானிய மொழிவழிப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டன. தொண்ணூறுகளில், கூடிய புள்ளி பெற்றும் இடம் கிடைக்காத மாணவியர் சார்பில் வழக்குகள் எழுந்தன. முதலாவது வழக்கின்பின் ஒதுக்கீடு கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஏற்பாட்டையும் மேன்முறையீட்டு மன்று 1998இல் நிராகரித்தது. அதன்பின் புள்ளி மாத்திரமே அளவுகோலாயிற்று. கறுப்பினப் பிள்ளைகளின் தொகை குறைந்தது. 2020இற் பெருந்தொற்றினாற் பரீட்சை நிறுத்தப்பட்டபோது, பிள்ளை வாழும் பகுதியின் வறுமையையும் செல்வத்தையும் கருத்திற்கொள்ளும் புதிய முறை வந்தது. பரீட்சை பின்னர் திரும்பிற்று. ஆனால், பகுதிவாரிக் கணக்கு நீங்கவில்லை. பெருந்தொற்றுக்கால ஏற்பாட்டுக்கு எதிரான வழக்கை விசாரிக்க அமெரிக்க உயர்நீதிமன்று 2024 டிசம்பரில் மறுத்தது. விதிகளோ இன்னும் திருத்தப்பட்டு வருகின்றன.

எழுபதுகளின் தரப்படுத்தலைப்பற்றி வீட்டில் மூத்தோர் பேசக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இவ்வழக்கின் இரு பக்கமும் தெரிந்தவையே. உழைத்துப் பெற்ற புள்ளி பயனற்றுப்போன பிள்ளையின் மனக்கசப்பு உண்மையானது. வீட்டில் மேசையும் விளக்கும் இல்லாத பிள்ளையின் எண்பதும், மூன்று ரியூசனுக்குப் போகும் பிள்ளையின் எண்பத்தைந்தும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவையல்ல என்பதும் உண்மையே. ஐந்தாந் தரப் புலமைப் பரிசிற் பெறுபேறு வெளியாகும் நாளில், ஒரு புள்ளியாலே தவறிய பிள்ளையைத் தாய் கையிற் பிடித்து அழைத்துச் செல்வதை ஆண்டுதோறும் காண்கிறேன். அந்தத் தாய்க்கு என்ன சொல்வதென்று இத்தனை ஆண்டு கற்பித்தபின்னும் எனக்குத் தெரியவில்லை.

பிராங்கிளின் 1790இற் காலமானார். தமக்கு முதலெழுத்தறிவித்த பொஸ்ரன் இலவசப் பள்ளிகளை மறவாது, நூறு பவுண் பணத்தை அவற்றுக்கு மரணசாதனத்தில் எழுதிவைத்தார். அதன் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் சிறந்த மாணாக்கருக்கு வெள்ளிப் பதக்கம் வழங்கவேண்டுமென்பது அவர் விருப்பம். பழைய பள்ளி நின்ற தெருவுக்கு இன்றும் பள்ளித் தெரு என்றே பெயர். கட்டடம் எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது. ஒற்றைக்காலிற் கெந்தி விளையாடுவதற்குச் சிறுவர் கீறும் கட்டங்களின் வடிவில், வண்ணக் கற்கள் அங்கே நடைபாதையிற் பதிக்கப்பட்டிருக்கின்றன. அருகிலே, படிப்பை இடையில் விட்டுப்போன அந்தப் பையனின் சிலை நிற்கின்றது.