தலைவர் கையெழுத்து ரெடி... போட்டோ ரெடியா?

கல்யாண மண்டபத்தில், ஏர்போர்ட்டில், துணிக்கடைத் திறப்பு விழாவில் திடீரென்று ஒரு நட்சத்திரம் எதிரே வந்து நிற்கிறார். நம்ம ஆளு பாக்கெட்டைத் துழாவுகிறார். கிடைப்பது பஸ் டிக்கெட், இல்லாவிட்டால் மளிகை லிஸ்ட்! அதிலேயே கையெழுத்து வாங்கி, ஆறு மாசம் கழித்து துவைத்த சட்டைப் பாக்கெட்டிலிருந்து உருண்டையாக எடுக்கிறார்.

இது செல்ஃபி யுகம், தெரியும். ஆனாலும் போட்டோவில் கையெழுத்து வாங்கிச் சேர்க்கிற கோஷ்டி ஒன்று இன்னும் இருக்கிறது. அடியேனும் அதில் ஆயுள் சந்தா கட்டியவன். கையெழுத்து வாங்குவதுகூட சுலபம் சார். அதை வாங்க ஒரு நல்ல போட்டோ கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு!

"ஏம்ப்பா, கூகுள்ல தட்டினா ஆயிரம் போட்டோ கொட்டுதே?" என்பீர்கள். கொட்டும். பிரின்ட் போட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும் சேதி. மொபைலில் மினுமினுத்த ஹீரோயின், பேப்பரில் மழையில் நனைந்த சுவரொட்டி மாதிரி நிற்பார்.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் தூக்கம் வராது. ஆட்டோகிராஃப் உலகத்தில் எல்லோரும் விரும்பும் சைஸ் 8-க்கு 10 அங்குலம். ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் அந்தக் காலத்தில் பத்திரிகைகளுக்கு அனுப்பிய ஸ்டில்களின் அளவு அது. பிரின்ட் பளிச்சென்று இருக்க அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அதாவது 2400-க்கு 3000. மொத்தம் 72 லட்சம் புள்ளிகள். இன்டர்நெட்டில் சாதாரணமாகக் கிடைக்கிற 600-க்கு 800 படத்தில் எத்தனை? 4 லட்சத்து 80 ஆயிரம்! 72 லட்ச ரூபாய் வீட்டுக்கு 4.8 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்திரப் பதிவுக்குப் போன கதைதான். அங்குலத்துக்கு 200 புள்ளி தேறினால்கூட ஒப்பேற்றிவிடலாம். 100-க்குக் கீழே என்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

"சரி, படத்தையே ஓடவிட்டு, பிடித்த இடத்தில் நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட்?" டி.வி.டி. என்றால் 720-க்கு 576. போச்சு! ப்ளூ-ரே என்றால் 1920-க்கு 1080. போஸ்ட்கார்டு சைஸுக்குச் சரி. 4கே என்றால் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடும். ஆனால் அங்கேயும் ஒரு வில்லன் இருக்கிறார். சினிமா வினாடிக்கு 24 படம் ஓடுவது. ஹீரோ கையை வீசினால் அந்த ஒரு ஃபிரேமில் கை புகை மாதிரிதான் விழும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது; நிறுத்தினால் தெரியும்.

அதனால்தான் ஸ்டில் போட்டோகிராஃபர் என்று ஒரு மனிதர் படப்பிடிப்பில் இருக்கிறார். நாம் ரசிக்கிற பல ஸ்டில்கள் படத்திலிருந்து வெட்டியவை அல்ல. அவர் தனி கேமராவில் தனியாக எடுத்தவை. டைட்டிலில் அவர் பெயர் வரும்போது நாம் பாப்கார்ன் வாங்கப் போயிருப்போம்! ஆனால் 'பிலிம் நியூஸ்' ஆனந்தனை நினைத்துப் பாருங்கள். கேமராவும் கையுமாக ஆரம்பித்தவர். 1958-ல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு பி.ஆர்.ஓ. ஆனார். 2016-ல் மறையும்வரை தமிழ் சினிமாவின் ஸ்டில்களையும் தகவல்களையும் சேர்த்தார். அவர் மாதிரி ஆட்கள் இல்லாவிட்டால் பாதிப் படங்களுக்கு முகமே மிஞ்சியிருக்காது.

டி.வி. ரசிகர்கள் பாடு இன்னும் மோசம். 1987-ல் தூர்தர்ஷனில் வந்த 'ராமாயண'மோ, 1993-ல் சன் டி.வி. ஆரம்பித்த காலத்து நிகழ்ச்சியோ, நம் வீட்டுத் திரைக்கு வந்த படம் 576 கோடுகள்தான். அதை எப்படி இழுத்தாலும் 8-க்கு 10 தேறாது. "ஏ.ஐ.ல போட்டா சூப்பரா வருது பாஸ்" என்று ஆபீஸில் ஒரு தம்பி சொல்வான். வரும். ஆனால் இல்லாத கண்ணிமையையும் பல்லையும் அது தானாக வரைந்து சேர்க்கும். அப்புறம் அந்த நடிகரே பார்த்து, "இது யாருங்க?" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? டி.வி.க்கும் செட்டில் யாராவது எடுத்த போட்டோவைத் தேடுவதுதான் வழி.

சரி, எங்கே தேடுவது? படத்தின் பி.ஆர்.ஓ.க்கள் பத்திரிகைக்குத் தரும் ஸ்டில்கள் பெரிய சைஸில் இருக்கும். பத்திரிகை நண்பர் இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். ஒன்று முக்கியம்: வாட்ஸ்அப்பில் போட்டோவாக வேண்டாம், 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் வழியிலேயே பாதி இளைத்துவிடும்! போட்டோகிராஃபரையே கேட்டு, காசு கொடுத்து பிரின்ட் வாங்குவது இன்னும் மரியாதை. படம் அவர் உழைப்பு. பிரின்ட் போட்டு விற்கிற வேலையெல்லாம் நமக்கு வேண்டாம்.

பழைய படமென்றால் தியேட்டர் வாசலில் கண்ணாடிக்குள் குத்தி வைத்திருந்த ஸ்டில்கள் பழைய பொருள் கடைகளில் சிக்கும். நாலு மூலையிலும் பின் ஓட்டை இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். தியேட்டரில் தொங்கியதற்கு அதுவே சர்டிபிகேட்! ஆராய்ச்சி அளவுக்குப் பைத்தியம் முற்றியவர்களுக்கு, 1964-ல் ஆரம்பித்த புனே தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது.

பிரின்டை லேபில் போட்டோ பேப்பரில் போடுங்கள். வெள்ளைச் சட்டை, வானம் என்று வெளிச்சமான இடம் உள்ள படமாகப் பாருங்கள். இருட்டுப் படமென்றால் சில்வர் மார்க்கர். பால் பாயின்ட் வேண்டவே வேண்டாம், பளபளப் பேப்பரில் வழுக்கும், பள்ளம் விழும். கையெழுத்து காயும்வரை ஊதாமல், தொடாமல் நில்லுங்கள். லேமினேஷன் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்!

முன்னணி ஹீரோவுக்குப் படம் கிடைத்துவிடும். குணச்சித்திர நடிகர், அந்தக் காலத்துக் காமெடியன்... இவர்களுக்குத்தான் கிடைக்காது. போன வருஷம் என் பாங்க் நண்பர் ஒருவர், எழுபதுகளில் வந்த ஒரு படத்தின் ஸ்டில் ஒன்றை எட்டு மாசம் தேடிப் பிடித்தார். ஹீரோவுக்குப் பின்னால் மூன்றாவதாக நிற்பவர்தான் அவருக்கு வேண்டியவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. துணைக்கு நானும் போனேன்.

பெரியவர் போட்டோவை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்தில் நிற்பவர்களை ஒவ்வொருவராக விரலால் தொட்டு, "இவர் போயிட்டார்... இவரும் போயிட்டார்..." என்றார். வீட்டு வெள்ளத்தில் தன் படங்கள் எல்லாம் போய்விட்டதாம். மார்க்கரை வாங்கி, நடுங்குகிற கையால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். திருப்பிக் கொடுக்கும்போது தயங்கினார்.

"தம்பி... இதுல இன்னொரு காப்பி இருக்குமா?"

நண்பர் பைக்குள் கையை விட்டார். இரண்டாவது பிரின்ட் தயாராக இருந்தது.