கால்பந்திலும் கேப்டன், கிரிக்கெட்டிலும் கேப்டன்: வங்கத்தின் சுனி கோஸ்வாமி

கொல்கத்தா: 1966 டிசம்பரில் கேரி சோபர்ஸ் தலைமையில் இந்தியா வந்திருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணி, இந்தூரில் மத்திய, கிழக்கு மண்டலங்களின் கூட்டு அணியிடம் இன்னிங்ஸ் தோல்வி கண்டது. அப்போட்டியில் சுப்ரதா குஹா 11 விக்கெட்டுகளையும், சுனி கோஸ்வாமி 8 விக்கெட்டுகளையும் சாய்த்தனர். அந்த கோஸ்வாமி, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கால்பந்துத் தங்கம் பெற்றுத் தந்த அணியின் கேப்டன்!

1962 ஜகார்த்தா போட்டியின் தொடக்க ஆட்டத்திலேயே இந்தியா தென் கொரியாவிடம் தோற்றது. அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக கோஸ்வாமி இரண்டு கோல்கள் அடித்தார். இந்தியா 3-2 என வென்றது. இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றது அதே தென் கொரியா. உள்ளூர் ரசிகர்கள் பெருந்திரளாக இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீமோ புற்றுநோயின் பிடியில் இருந்தார். தலைக்காயத்துடன் இருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்கள ஆட்டக்காரராக இறக்கினார். பி.கே.பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, 2-1 என இந்தியா வென்றது.

1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்ற அணிக்கும் கோஸ்வாமியே கேப்டன். அதே ஆண்டில், முப்பது வயதை எட்டுமுன்பே, சர்வதேசக் கால்பந்திலிருந்து விலகினார். மோகன் பகானுக்காக மட்டும் 1968 வரை ஆடினார். வேறு எந்த கிளப்புக்கும் அவர் போகவில்லை.

கொல்கத்தாவில் கால்பந்து மழைக்கால ஆட்டம். கிரிக்கெட் குளிர்கால ஆட்டம். இரண்டையும் ஒருவரே ஆட இந்தப் பருவ வேறுபாடு இடம் கொடுத்தது. ஆண்டு முழுவதும் ஒரே ஆட்டத்தில் கட்டுண்டிருக்கும் இன்றைய வீரருக்கு அந்த வாய்ப்பு அரிது. 46 முதல்தரப் போட்டிகளில் 1,592 ரன்களும் 47 விக்கெட்டுகளும் எடுத்த அவர், 1971-72 ரஞ்சி இறுதிப் போட்டியில் வங்க அணிக்குத் தலைமை தாங்கினார். கோப்பை பம்பாய்க்குப் போனது.

2020 ஜனவரியில், 82வது பிறந்த நாளன்று, அவருக்கு அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. மார்ச்சில் பானர்ஜி காலமானார். ஏப்ரல் 30-இல் கோஸ்வாமியும் மறைந்தார். ஜகார்த்தாவுக்குப் பின் ஆசிய விளையாட்டில் இந்தியா கால்பந்துத் தங்கம் வென்றதில்லை.