இயந்திரச் சூட்டைத் தாங்கும் சாயம் எது?

காரின் இயந்திரப் பாகங்கள் அனைத்துக்கும் ஒரே சாயம் அடிப்பது வீண் செலவு. வால்வு மூடி சுமார் 100 பாகை செல்சியஸ் அளவில்தான் சூடேறும். அதற்குப் பவுடர் பூச்சு போதும். இயந்திரத்திலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு 600 பாகையையும் தாண்டக்கூடியது. அங்கே சாதாரண எனாமல் கருகி உரியும். கண்ணைப் பறிக்கும் குரோம் முலாமும் நீலம் பாய்ந்துவிடும். சிலிக்கோன் கலந்த சாயம் ஏறத்தாழ 650 பாகை வரை நிற்கும். அதற்கு மேல் செராமிக் பூச்சுதான், விலையும் அதிகம்தான்.

ஆனால், நல்ல சாயமும் உரிகிறதே? துருவையும் எண்ணெய்ப் பசையையும் அறவே நீக்காமல் அடிப்பதே பெரும்பாலும் காரணம். மழையும் ஈரமும் மிகுந்த மலேசியாவில் துரு சாயத்துக்கு அடியிலேயே பரவும். பூசிய பின், டின்னில் குறிப்பிட்டபடி படிப்படியாகச் சூடேற்றி ஆறவிட வேண்டும். அதற்குமுன், காய்ந்ததுபோல் தெரிந்தாலும், பெட்ரோல் பட்டால் சாயம் இளகிவிடும்.