வளாகக் கலைக்கூடம் யாருக்குரியது?

பல்கலைக்கழகக் கலைக்கூடமொன்றில் நடைபெறவுள்ள கண்காட்சி பற்றிய அறிவித்தலைக் காண்போர் பலர், அது மாணவர்களுக்கே உரியதென எண்ணி அப்பாற் செல்வதுண்டு. இவ்வெண்ணம் தவறானது என்பதற்கு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

அமெரிக்க விடுதலைப் போர்க் காட்சிகளைத் தீட்டிய ஓவியர் ஜோன் ட்ரம்புல், முதுமையில் பணநெருக்கடிக்கு உள்ளாகி, தமது ஓவியங்களை ஆண்டுக்கு 1000 டொலர் கொடுப்பனவுக்காக யேலிடம் ஒப்படைத்தார். 1832 இல் கூடம் திறக்கப்பட்டது. அதன் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. தமது காலத்திற்குப் பின்னர், ஓவியங்களைக் காண்போர் செலுத்தும் கட்டணம் வறிய மாணவரின் கல்விக்கே செலவிடப்படவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. 1843 இல் மறைந்த அவரது உடல் அவ்வோவியங்களின் கீழேயே அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் ஓவியங்கள் வேறு கட்டடத்திற்கு மாற்றப்பட்டபோது உடலும் உடன் சென்றது. தம் படைப்பின்மீது இத்துணைப் பற்றுக்கொண்டோர் அரியர்.

இன்று அங்கு எவரும் கட்டணமின்றி நுழையலாம். கண்காட்சிகள் சிலவற்றை மாணவர்களே ஒழுங்கமைக்கின்றனர். எதனைத் தெரிவது, எதனருகே எதனை வைப்பது, சுவர்க் குறிப்பில் என்ன எழுதுவது என்பன அவர்களுக்குப் பாடங்கள். அக்குறிப்பு விளங்குகின்றதா என்பதை, துறைசாராத பார்வையாளர் ஒருவர் வந்து வாசிக்கும்போதே அறியமுடியும். ஆதலால் கண்காட்சியின் திகதியை அறிவிப்போர், பொதுமக்களும் வரலாம் என்பதையும் அதே பலகையில் தெளிவாகக் குறிப்பிடுதல் நன்று.