அச்சமும் ஒரு சுவையே

தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சமும் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், அரசர் ஆகிய நான்கினால் அது தோன்றும் என்கிறது அந்நூல். துன்பம் தரும் அச்சத்தை மக்கள் கதைகளில் தேடிச் சென்று படிப்பது ஏன்?

புலி எதிரே வந்தால் நெஞ்சு படபடக்கும். புலிக்கதையைப் போர்வைக்குள் இருந்து படித்தாலும் சற்றே படபடக்கும். ஆனால், தனக்கு ஊறு நேராது என்பதை அறிவு அறிந்திருக்கும். அந்தத் துணிவே அச்சத்தைச் சுவையாக்குகிறது.

'அம்புலிமாமா' இதழில் வெளிவந்த விக்கிரமாதித்தன் கதைகளைக் காண்போம். நள்ளிரவு, சுடுகாடு, மரத்தில் தொங்கும் பிணம், அதனைத் தோளில் சுமந்து நடக்கும் மன்னன். இவை நடுங்கவைக்கும். பிணத்துள் இருக்கும் வேதாளமோ கடிப்பதில்லை. கதை சொல்லிப் புதிர் போடுகிறது! விடை தேடத் தொடங்கியதும் படிப்பவரின் அச்சம் தணிகிறது. மன்னன் விடை கூறியவுடன் வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். சிறுவர்க்கு ஏற்ற அளவு இதுவே எனலாம். ஆயினும், ஓவியர் சங்கர் வரைந்த வேதாளத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கதையை மட்டும் படித்தோரும் உண்டு.

ஒருவரின் அளவு மற்றவர்க்குப் பொருந்தாது. விளக்கை அணைத்துவிட்டுப் பேய்க்கதை கேட்க விரும்புவான் அண்ணன். அதே கதையால் உறக்கம் இழப்பாள் தங்கை. அவளைக் கோழை என நகைத்தல் முறையன்று. கற்பனை மிக்கவர் மனத்தில், கதை முடிந்த பின்னும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பாதியில் நூலை மூடியவள், மறுநாள் வெயிலில் அமர்ந்து எஞ்சிய பக்கங்களைப் படித்து முடிக்கலாம்.