சிறையறையிற் சங்கீதம்

துன்பம் வந்துற்ற காலத்தில் வேதநூலைக் கையில் எடுப்பார் பலர். எடுத்த நூலில் மனம் பதியாது தவிப்பாரும் அவருட் பலர். கண் வரிகளின் மேற் செல்லும். நெஞ்சோ பழைய கவலையையே சுற்றிக்கொண்டிருக்கும். இத்தகைய தவிப்பை நன்கு அறிந்திருந்தும் அந்நூலைக் கைவிடாத ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் டீட்ரிக் பொன்ஹோபர். ஜெர்மனி நாட்டுப் புரட்டஸ்தாந்து குரு.

நான் சைவன். பொன்ஹோபரை நான் முதலில் அறிந்தது காந்தியடிகளின் வாயிலாகவே. அடிகளின் ஆசிரமத்தில் வந்து தங்க அவர் ஆவல் கொண்டார். 1934 நவம்பர் 1ஆம் திகதி எழுதிய கடிதத்தில் அடிகளும் அவரை அன்புடன் வரவேற்றார். ஆயினும் அப்பயணம் நிறைவேறவில்லை. ஹிட்லரின் ஆட்சிக்குத் திருச்சபை அடிமையாகலாகாது என்று எதிர்த்து நின்றோர், இளங்குருமாரைப் பயிற்றும் பொறுப்பை 1935இல் அவரிடம் ஒப்புவித்தனர்.

பிங்கன்வால்டே என்னும் ஊரில் அப்பயிற்சிக்கூடம் நடைபெற்றது. நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் மாணாக்கர் மௌனமாயிருந்து வேதாகமத்தின் ஒரு சிறு பகுதியைத் தியானிக்க வேண்டும். வாரம் முழுவதும் அதே பகுதிதான். உரைநூல்களைப் புரட்டலாகாது, 'இதைக்கொண்டு எவ்வாறு பிரசங்கஞ் செய்யலாம்' என்று எண்ணவுங் கூடாது. பகுதியை முடித்தே தீரவேண்டும் என்ற நியதியில்லை. ஒரு சொல்லிலே மனம் நின்றுவிட்டால் அங்கேயே நிற்கலாம். எண்ணம் வழிதவறி வேறொரு மனிதரிடம் சென்றால், அவருக்காகவே மன்றாடிவிட்டுத் திரும்பலாம்.

மாணாக்கர் இதனை விரும்பி ஏற்றனர் என்று எண்ணிவிடாதீர்கள். சிலர் உறங்கினர், சிலர் புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டு எதையோ வாசித்தனர். இருபது ஆண்டுகளை வகுப்பறையிற் கழித்தவனாதலால், இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆசிரியரோ முறையை மாற்றவில்லை. 1937இல் இரகசியப் பொலீசார் அப்பயிற்சிக்கூடத்தை மூடிவிட்டனர்.

1938 நவம்பர் 9ஆம் திகதி இரவு ஜெர்மனியெங்கும் யூதரின் தொழுகையாலயங்கள் தீக்கிரையாயின. பொன்ஹோபரின் வேதாகமத்தில், ஆலயங்கள் எரிக்கப்பட்டதைச் சொல்லிப் புலம்பும் எழுபத்து நான்காஞ் சங்கீதத்தின் ஓரத்தில் அந்தத் திகதி அவர் கையாலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. உலகை மறப்பதற்காக அவர் தியானிக்கவில்லை என்பதற்கு இக்குறிப்பொன்றே சான்று.

1943 ஏப்ரல் 5ஆம் திகதி அவர் கைதானார். பேர்லினிலுள்ள தெகல் சிறையில் முதலிரவு கொடுக்கப்பட்ட போர்வைகள், குளிரிலும் போர்த்தவொண்ணாதபடி நாறின. பன்னிரண்டு நாட்கள் உணவு வைப்பதற்கும் கழிவுவாளியை எடுப்பதற்குமே கதவு திறந்தது. எவரும் அவருடன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தொடக்க காலத்தில் அவர் எழுதிவைத்த துண்டுக் குறிப்புக்களில் தற்கொலை என்ற சொல்லுங் காணப்படுகிறது. பிறருக்குத் தியானங் கற்பித்த ஆசிரியருக்கே இந்நிலை!

மே மாதம் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், பல ஆண்டுகளாகச் செய்து வந்ததுபோலவே சங்கீதங்களை நாள்தோறும் வாசிப்பதாக அவர் தெரிவித்தார். அவற்றுட் சில, பதினேழாம் நூற்றாண்டு இசைமேதை ஹைன்ரிக் ஷூட்ஸ் அமைத்த இசையோடேயே தம் நினைவில் எழுகின்றன என்றும் எழுதினார். நவம்பருக்குள் பழைய ஏற்பாட்டை இரண்டரை முறை வாசித்து முடித்திருந்தார்.

சங்கீதங்களிலே துதிப் பாடல்கள் மட்டும் இல்லை. கடவுளோடு வழக்காடுவனவும், பகைவரைக் குறித்துப் பொருமுவனவும், 'ஏன் மறந்தீர்' என்று முறையிடுவனவும் நிறைய உள. தந்தை பேசக் கேட்டுக் குழந்தை பேசப் பழகுவதுபோல, வேதச் சொற்களைக் கொண்டே மனிதன் கடவுளிடம் பேசப் பழகுகிறான் என்பது பொன்ஹோபரின் கொள்கை. 1940இல் சங்கீதங்களைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு நூலில் இது விளக்கப்பட்டுள்ளது. நமக்கென்று ஒரு சொல்லும் எழாத நாளில், முன்னோர் அழுத அழுகையைக் கடனாக வாங்கி அழலாம். வீட்டில் இடர் நேர்ந்தபோது தேவாரப் பதிகத்தை எடுத்து ஓதும் நமக்கு இது புதுமையன்று.

அவருக்குக் கிட்டிய அமைதி எத்தகையது? ஆகாயத் தாக்குதல் நேரங்களில் அவருடைய நிதானம் உடனிருந்த கைதிகளுக்குத் துணையாயிற்று. ஆனால், 1944 ஜூலையில் எழுதிய கவிதையொன்றில், பிறர் காணும் நிதானமான மனிதன் நானா, கூண்டுப் பறவைபோலத் தவிக்கும் இவன் நானா என்று தம்மையே வினவுகிறார். அவ்வாண்டிலேயே நண்பருக்கு எழுதிய கடிதத்தில், வேதாகமத்தை அதிகம் வாசிக்காமலே வாரங்கள் கழிகின்றன என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். அதற்காக அவர் தம்மை நொந்துகொள்ளவில்லை. பசி மீண்டும் வரும் என்று அறிந்திருந்தார். எனக்கு இந்த இடமே மிகவும் பிடித்தது.

1945 ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை. பவேரியாவில் ஷோன்பெர்க் என்னும் ஊர்ப் பாடசாலையில் கைதிகள் சிலர் அடைக்கப்பட்டிருந்தனர். வழிபாடு நடத்துமாறு அவர்கள் வேண்டியபோது பொன்ஹோபர் தயங்கினார். அவர்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஒருவர் சோவியத் இராணுவ அதிகாரி. அவர் மனம் புண்படலாகாது என்பதே தயக்கத்தின் காரணம். அந்த அதிகாரியே இசைந்த பின்னர்தான் தொடங்கினார். ஏசாயாவிலும் பேதுருவின் நிருபத்திலும் அன்றைய நாளுக்கென வகுக்கப்பட்ட வசனங்களை வாசித்துச் சிறிது பேசினார்.

வழிபாடு முடிந்ததும் காவலர் வந்து அவரை அழைத்துச் சென்றனர். மறுநாள் அதிகாலையில் புளொசன்பர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.